கிளை அதிகாரியின் மணிக்கட்டு

லுங்கிக்குச் சான்றிதழ் வேண்டும் என்று லுங்கி கட்டுகிற எவரும் இதுவரை கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் செய்வதுதான் சேவை என்பது வட எல்லை லுங்கித் தரச்சான்று வாரியத்தின் கொள்கை. பொதட்டூர்பேட்டையிலும் ஆர்.கே.பேட்டையிலும் நெய்யப்படும் லுங்கிகள் கட்டுக்கட்டாக வாரியத்தின் திருத்தணிக் கிளைக்கு வரும். மேசைமேல் பிரித்துப் போடப்படும். லுங்கிதான் என்று கணினியில் உறுதி செய்யப்பட்டுத் திரும்பிப் போகும். போகும்போது கூடவே ஒரு தாளும் போகும். அந்தத் தாளைச் சந்தையில் யாரும் படிப்பதில்லை. தாள் இல்லாவிட்டால் மட்டும் கேட்பார்கள்.

அந்தத் தாளைத் தயாரிப்பவள் தமயந்தி. கே.ஜி.கண்டிகையிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்து மாலையில் பஸ் பிடித்துத் திரும்புகிற ஒப்பந்தக் கணினி ஊழியர். ஒப்பந்தம் என்றால் வேலை நிரந்தரம், ஆள் தற்காலிகம். லுங்கியின் நிறத்தை அவள் கணினியில் தேர்ந்தெடுக்க வேண்டும். நீலத்தில் மட்டும் வானம், மயில் கழுத்து, இங்க், பள்ளிச் சீருடை என்று பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். கட்டம் போட்ட லுங்கியாக இருந்தால் கட்டத்தின் ஒவ்வொரு கோட்டையும் மவுஸைப் பிடித்து இழுத்து வரைந்து காட்ட வேண்டும். கட்டம் போடாத லுங்கி அந்தக் கிளைக்கு அநேகமாக வருவதே இல்லை. விசைப்பலகையில் தட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தட்டினால் எழுத்துப் பிழை வரும் என்று தலைமையகம் அந்த வழியை அடைத்து வைத்திருந்தது.

இப்படி இழுத்து இழுத்து அவளுடைய வலது மணிக்கட்டு போய்விட்டது. முதலில் சாயந்திரத்தில் மட்டும் வலித்தது. பிறகு காலையில் கணினியைப் போடும்போதே வலித்தது. துணி பிழிய முடியவில்லை. மாவுக் குண்டானைத் தூக்க முடியவில்லை. விரல்கள் மரத்துப்போய், பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். மருத்துவமனையில் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் மணிக்கட்டைக் கிழித்துத்தான் சரி செய்ய வேண்டும் என்றார். அதற்கு முன்னால் மவுஸை மாற்றிப் பார்க்கச் சொன்னார். கையைக் கவிழ்த்து வைக்காமல், ஒருவருக்குக் கை கொடுக்கிறதுபோல நிமிர்த்திப் பிடிக்கிற மவுஸ் ஒன்று இருக்கிறதாம்.

ஆபரேஷன் என்றால் வாரக்கணக்கில் கையை அசைக்கக் கூடாது. வாரக்கணக்கில் கை அசையாத ஒப்பந்த ஊழியரை வாரியம் ஊழியர் என்றே சொல்வதில்லை. தமயந்திக்குக் கையும் வேண்டும், வேலையும் வேண்டும். ஒரு மவுஸ் மாறினால் இரண்டும் பிழைக்கும்.

அவளே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். கண்காணிப்பாளர் பிரபுதாஸ் அதைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிரபுதாஸ் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர், யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். ஆனால் அலுவலகத்துக்குள் அவருக்கு விதி ஒன்றுதான் சொந்தம். வெளி மவுஸை மாட்டினால் வாரியத்தின் லுங்கி விவரங்கள் வெளியே போய்விடும் என்று அவர் விளக்கினார். எந்த விவரம் என்று கேட்கத் தமயந்திக்குத் தைரியம் வரவில்லை. கடைக்காரரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மவுஸ் இப்போது கண்டிகையில் அவள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த வீட்டில் கணினி இல்லை.

பிறகு இடது கையால் முயன்று பார்த்தாள். கோணல்மாணலாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. அதையும் பிரபுதாஸ் பார்த்துவிட்டார். சுவரில் முருகன் படம் மாட்டியிருக்கிற அலுவலகத்தில், பத்துப் பேர் வாங்கிப் போகிற சான்றிதழை இடது கையால் தயாரித்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று வருத்தப்பட்டார். ஜனங்களின் சார்பில் வரிசையில் நின்றிருந்த ஆர்.கே.பேட்டைக்காரர், "எந்தக் கையில செஞ்சா இன்னாங்க, பஸ்ஸு போயிடும்" என்றார். அவருடைய கருத்து கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

கடைசியில் தமயந்தி மனு எழுதிக் கொடுத்தாள். மனு மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய், ஒரு குழுவாக மாறித் திரும்பி வந்தது. மணிக்கட்டு நலன் மற்றும் மவுஸ் தேர்வுக் குழு. தலைவர், கிளை அதிகாரி வேதாசலம். உறுப்பினர், பிரபுதாஸ். இவர்களுக்கு வழிகாட்டச் சென்னையிலிருந்து பணிச்சூழல் ஆலோசகர் வளவன் வந்தார்.

வேதாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்காலியில் டர்க்கி டவல் போட்டு உட்காருகிறவர். கணினியில் அவருக்கு ஒரே ஒரு வேலை. அன்றைக்குத் தயாரான சான்றிதழ்களை எல்லாம் சாயந்திரம் ஒரே அழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 'அனைத்தும் ஏற்பு' என்று அதற்கென்றே ஒரு பொத்தான் திரையில் இருந்தது. அந்த அழுத்துக்கு முன்னால் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

குழுக் கூட்டத்தில் வேதாசலம் தலைமையுரை ஆற்றினார். "நான் இத்தினி வருஷ சர்வீஸ்ல ஒரு நாளு கூட கை வலின்னு உக்காந்ததில்ல. ஏன்? கைய நான் வீணாக்கறதில்ல. கை வலிக்குதுன்னா அவங்க நெறைய வேலை செய்றாங்கன்னு அர்த்தமில்லீங்க. கைய எங்க வெக்கிறதுன்னு தெரியாம வெச்சுகினு இருக்காங்கன்னு அர்த்தம்."

பிரபுதாஸ் ஆமோதித்தார். அடுத்து வளவன் திரையில் படங்களைக் காட்டி விளக்கினார். ஏரியைப் பார்த்தபடி யாரோ வெள்ளைக்காரர் மவுஸ் பிடித்திருக்கிற படம், மணிக்கட்டின் எலும்புகள், சிரிக்கிற ஊழியர்கள். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக யாராவது மவுஸை அழுத்த வேண்டுமே, அதற்குத் தமயந்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். மணிக்கட்டுக்கு ஓய்வு தருவது எப்படி என்ற உரை முழுக்க அவள்தான் அழுத்திக்கொண்டிருந்தாள்.

எந்த மாதிரி மவுஸ் தனக்குச் சரியாக இருக்கும் என்று ஒரு தடவை பிடித்துப் பார்க்கலாமா என்று நடுவில் கேட்டாள். வளவன் புன்னகை மாறாமல் மறுத்தார். "வலிக்கிறவங்களத் தேர்ந்தெடுக்க விட்டா, அவங்க வலி குறையுதான்னு மட்டுந்தாங்க பார்ப்பாங்க. பாரபட்சம் வந்துடும். நாம அதுக்கும் மேல போய் யோசிக்கணும்."

மேலே போய் யோசித்தார்கள். மாதிரி மவுஸ்கள் தாம்பாளத்தில் வைத்து நீட்டப்பட்டன. எதுவும் கணினியில் மாட்டப்படவில்லை. வேதாசலம் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கத்தரிக்காய் வாங்குகிறவர் மாதிரி எடை பார்த்தார். கிளையின் கைகளுக்கு எல்லாம் பொதுவான அளவு வேண்டும் என்பதால், கிளையிலேயே உயர்ந்த கையான அவருடைய கையை வளவன் நாடா வைத்து அளந்தார். பெரிய வேலை எதுவும் பார்க்காத கை என்பதால் அது சின்னதாக, மெத்தென்று இருந்தது. அந்த அளவுக்கு ஒரு மவுஸ் தீர்மானமாயிற்று. தேநீரும் வந்தது.

மவுஸ் வந்த நாள் வெள்ளிக்கிழமை. புதுப் பொருளைப் பூஜை போடாமல் எடுப்பது அந்த அலுவலகத்தில் வழக்கமில்லை. ஸ்டேப்ளருக்கே போடுவார்கள். மவுஸை மலைமேல் கொண்டுபோய் ஸ்வாமி பாதத்தில் வைத்து எடுத்துவந்து, மேலே ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்தார்கள். மேலே மட்டும் வைத்தால் போதாது என்று யாரோ சொல்ல, கவிழ்த்து அடிப்பக்கமும் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். தமயந்தி கண்ணை மூடிக் கும்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. கண்ணைத் திறந்தபோது மவுஸ் கிளை அதிகாரியின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

இதில் யாருக்கும் அவள்மேல் விரோதம் கிடையாது. புது நாற்காலி வந்தால் அதிகாரிக்குப் போகும். அதிகாரியின் நாற்காலி கண்காணிப்பாளருக்கு, கண்காணிப்பாளருடையது கணக்கருக்கு, கணக்கருடையது கடைசி ஆளுக்கு. மின்விசிறி, தண்ணீர்க் குடம், நாள்காட்டி எல்லாமே இப்படித்தான் படிப்படியாக இறங்கும். இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. அதனால்தான் யாரும் மீறுவதில்லை. ஆகவே அதிகாரியின் மவுஸ் பிரபுதாஸுக்கு வந்தது, பிரபுதாஸின் மவுஸ் கணக்கருக்கு வந்தது, கணக்கரின் மவுஸ் தமயந்திக்கு வந்தது. கணக்கர் அந்த மவுஸின்மேல்தான் டீ டம்ளரை வைப்பார். அதன் இடது பொத்தான் ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டை விரலால் நெட்டி அழுத்தினால்தான் இறங்கும்.

"நான் எனக்குத்தானுங்க சார் கேட்டேன்" என்று தமயந்தி பிரபுதாஸிடம் போய்ச் சொன்னாள்.

"உனக்குத்தாம்மா வந்துச்சு. நீ கேக்கலன்னா வந்திருக்குமா?" என்றார் அவர். அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

தமயந்தியின் கை முழங்கைவரை வலிக்க ஆரம்பித்தது. ராத்திரி கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

இந்த நிலையில்தான் தலைமையகத்திலிருந்து தணிக்கை அதிகாரி வந்தார். பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தவர் வேதாசலத்தின் மேசையில் நின்றார். மவுஸ் பிளாஸ்டிக் உறையோடு, காய்ந்த சந்தனத்தோடு, சின்ன விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இது மணிக்கட்டு வலிக்காக வாங்கியது, மவுஸ் இங்கே இருக்கிறது, வலி எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாரியத்தின் வரலாற்றில் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

வேதாசலம் தம்முடைய வலது கையைப் பார்த்தார், பிறகு தணிக்கை அதிகாரியைப் பார்த்தார்.

"எனக்குத்தாங்க" என்றார்.

"சாருக்கு ரொம்ப நாளா இருக்குதுங்க. வெளிய சொல்லிக்க மாட்டாரு" என்று பிரபுதாஸ் சேர்ந்துகொண்டார்.

மனுவில் வேறு பெயர் இருக்கிறதே, அந்த அம்மாவுக்கு வலி இல்லையா என்று தணிக்கை அதிகாரி கேட்டார். கதவோரம் நின்றிருந்த தமயந்தி வாயைத் திறப்பதற்குள் பிரபுதாஸ் பதில் சொல்லிவிட்டார்.

"அவங்களாண்ட இருக்கறது சாதா மவுஸுங்க. வலி இருந்திருந்தா நல்ல மவுஸு குடுத்திருப்போமே."

தணிக்கை அதிகாரிக்கு இது முழுத் திருப்தியாக இருந்தது. மறுநாளே வேதாசலத்தின் கையில் பட்டையாக ஒரு துணிக்கட்டு ஏறியது, கழுத்திலிருந்து கையைத் தாங்க ஒரு துணித் தொட்டிலும் தொங்கியது. அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. மணிக்கட்டு பாதித்த அதிகாரி மருத்துவ மறுபரிசோதனை வரை கணினியைத் தொடக் கூடாது. அவருடைய ஏற்பு வேலையைக் கிளையில் கை நல்ல நிலையில் உள்ள ஒருவர் பார்க்க வேண்டும். பிரபுதாஸுக்குக் கண்காணிக்கிற வேலை இருந்தது. கணக்கருக்குக் கணக்கு இருந்தது. வலி இல்லை என்று தணிக்கையிலேயே நிரூபிக்கப்பட்ட கை ஒன்றுதான் இருந்தது, அது தமயந்தியின் கை.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் அவள் அழுதாள். வலிக்காக இல்லை. வலி பழகிவிட்டது. தன்னுடைய வலியைக்கூடத் தன்னிடமிருந்து பிடுங்கி, புதுப் பொருள் என்று மேலே கொடுத்துவிட்டார்களே என்று அழுதாள். பக்கத்தில் இருந்தவர் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டதோ என்று விசாரித்தார். ஆங், தாண்டிருச்சுங்க என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அதிகாரியின் அறைக்குள் போய், டர்க்கி டவல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஏற்பு வேலை அந்த அறைக் கணினியில் மட்டும்தான் திறக்கும். உறையைப் பிரித்து மவுஸைத் தொட்டாள். திரையில் அம்பு அசையவில்லை. இழுத்துப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் வெளிச்சம் வருகிற கண்ணை மூடிக்கொண்டு, பூஜையன்று வைத்த சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். சிவப்பு வெளிச்சம் வந்தது. அம்பு நகர்ந்தது.

பூஜை போட்ட வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த மவுஸ் ஒரு தடவைகூட வேலை செய்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அதிகாரி தினமும் சாயந்திரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அழுத்திய அழுத்து எதுவும் 'அனைத்தும் ஏற்பு' பொத்தான்மேல் விழவில்லை. அதற்குப் பிறகு வெளியே போன லுங்கி ஒன்றுகூட லுங்கி என்று ஏற்கப்படவில்லை. ஏற்கப்படாமலேயே அவை விற்று, துவைத்து, கட்டிக்கொள்ளப்பட்டிருந்தன. ஊரில் ஒரு குறையும் நேரவில்லை. 'அனைத்தும் ஏற்பு' அன்றைய சான்றிதழ்களை மட்டும்தான் ஏற்கும். பழையதை எல்லாம் ஒவ்வொன்றாகத்தான் திறந்து ஏற்க வேண்டும். அது தமயந்தியின் தலையில் விழுந்தது.

ஆனால் கை அந்த மவுஸின்மேல் உட்கார்ந்தபோது அவளுக்கு என்னவோ போல இருந்தது. அதிகாரியின் சின்னக் கைக்கு அளவெடுத்தது அவளுடைய கைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மணிக்கட்டு மேசையில் அழுந்தவில்லை. கட்டை விரலுக்கு ஒரு பள்ளம் இருந்தது. யாரோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரிப்பதுபோல இருந்தது. அந்த அலுவலகத்தில் அவளை அப்படி விசாரித்தது அது ஒன்றுதான்.

அங்கேயும் இங்கேயும் நடந்தால் நேரம் வீணாகிறது என்று சில நாளிலேயே பிரபுதாஸ் கண்டுபிடித்தார். இரண்டு வேலையையும் அதிகாரியின் அறையிலேயே பார்க்கும்படி உத்தரவு போட்டார். வேலை இரட்டிப்பாயிற்று, வலி பாதியாயிற்று. விரல்களில் மரமரப்பு போய் உணர்வு திரும்பியது. மாவுக் குண்டானை ஒரு நாள் அவளே தூக்கி வைத்தாள். டாக்டரும் கையை அழுத்திப் பார்த்துவிட்டு, இதே மவுஸை விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வேதாசலம் எதிரில் பார்வையாளர் சோபாவில் சாய்ந்து, தொட்டில் போட்ட கையோடு செய்தித்தாள் படித்தார். பக்கம் திருப்ப வேண்டியபோது மட்டும் கை தொட்டிலிலிருந்து வெளியே வந்து போகும்.

மறுபரிசோதனை நெருங்கியது. அதிகாரியின் கை தேறிவிட்டது என்று எழுதிவிட்டால் அவர் நாற்காலிக்குத் திரும்புவார், மவுஸ் அவருக்குத் திரும்பும், அவள் கணக்கரின் டீ மவுஸுக்குத் திரும்புவாள். அதற்குப் பிறகு ஆபரேஷன்தான். இதை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிரபுதாஸோ சார் நல்லபடியாகத் தேற வேண்டும் என்று ஊழியர் சார்பில் மலைக்கோயிலில் அர்ச்சனைக்கு ஏற்பாடு செய்தார். தம்முடைய சபையிலும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை விசேஷ ஜெபம் முடித்துவிட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை எல்லாரும் வேனில் மலையேறினார்கள். கை வலிக்காரரைப் படி ஏற்றக் கூடாது என்பதற்காகத்தான் வேன். பிரபுதாஸ் வேனிலேயே இருந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டார். சன்னதியில் குருக்கள் பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். வேதாசலம், பூரட்டாதி. எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

தமயந்தியும் மூடினாள். அப்பா முருகா, சார் கை அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட மறு நிமிஷமே உடம்பு கூசியது. அடுத்தவன் கை குணமாகக் கூடாது என்று சாமியிடம் கேட்கிற நிலைக்கு ஒருத்தியைக் கொண்டுவந்து விட்டவர்கள் அவளைச் சுற்றி நின்று, கண்ணை மூடி, மனமுருகிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்கள். அவள் வேண்டுதலை மாற்றிக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு தடவை அழுத்தமாகச் சொன்னாள்.

வெளியே வந்து பிரகாரத்து நிழலில் பிரசாதம் பிரித்தார்கள். மற்றவர்கள் தள்ளிப் போனதும் வேதாசலம் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"சபையிலயும் ஜெபம் பண்ணிட்டாங்களாம். இங்கியும் இத்தினி பேரு வேண்டிகினாங்க. எனக்குப் பயமா கீதும்மா. பலிச்சுடப் போவுது."

தமயந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பலிக்காதுங்க சார். நான் மாத்தி வேண்டிகினேன்."

வேதாசலம் கோபுரத்தின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். பிறகு தட்டிலிருந்த தேங்காய் மூடியை அவளுக்குக் கொடுக்கப் போனவர், ஒரு கணம் யோசித்தார். பிரசாதத்தை இடது கையால் கொடுக்கக் கூடாது. தொட்டிலிலிருந்து வலது கையை எடுத்து, கட்டோடு அந்த மூடியைத் தூக்கி அவளுக்குக் கொடுத்தார். தமயந்தி வலது கையாலேயே வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் வலிக்கவில்லை.